வேலூர்க் கோட்டை, ஜவ்வாது மலை, பாலாற்று மணல்: மூன்று நாள் கார்ப் பயணத்துக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது போன் செய்து இதைக் கேட்பார்கள்: “மூணு நாள் லீவு இருக்கு. ஒரு ஊர், ஒரு மலை, ஒரு பாலைவனம், மூணையும் ஒரே பயணத்துல பார்க்க முடியுமா?” வெளிநாட்டுப் பயணப் படங்களைப் பார்த்து வந்த ஆசை. நான் வேலூரில் பிறந்து வளர்ந்து இன்றும் இங்கேயே இருக்கிறேன். முடியும் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன். கோட்டை இருக்கும் நகரம், அதற்குத் தென்மேற்கே ஜவ்வாது மலை, நகரத்தை ஒட்டி வடக்கே நீரில்லாத பாலாறு. வேலூரில் தொடங்கி வேலூருக்கே திரும்பினால் 250 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். போனில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலூரில் பாலைவனம் எங்கே இருக்கிறது?

ஆற்றுக்குள் இருக்கிறது. பாலாற்றுப் பாலத்தின் நடுவில் வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல், இடையிடையே சீமைக் கருவேலம். கரை எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது.

ஐந்து திணை வகுத்த நம் முன்னோர் பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. மழை பொய்த்து, காடும் மலையும் தம் இயல்பு கெட்டுக் காய்ந்தால் அதுதான் பாலை என்றார்கள். எனக்கு அந்தச் சொல்லின் பொருள் புரிந்தது பாலாற்று மணலில் நின்றபோதுதான். ஒரு காலத்தில் மருதமாக இருந்த இடம் நம் கண்முன்னே பாலையாகியிருக்கிறது. ஒட்டகமும் மணல் மேடும் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு பெரிய ஆறு மணலாகிக் கிடப்பதைப் பார்க்க வந்தால், இந்தப் பயணத்தில் மனதை விட்டு நீங்காத இடம் அதுவாகத்தான் இருக்கும்.

எந்தக் கிழமை கிளம்ப வேண்டும்?

வெள்ளி, சனி, ஞாயிறு. இதில் சனிக்கிழமை இரவு மலையில் இருப்பது முக்கியம். காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைகளில்தான். மற்ற எல்லாவற்றையும் அந்த ஒரு மாலையைச் சுற்றி அடுக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வெள்ளியன்று கோட்டையையும் கோயிலையும் பார்த்துவிட்டு, அருங்காட்சியகத்தை ஞாயிறு திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம்.

வழி எப்படி?

வெள்ளி முழுக்க வேலூர். சனி காலை சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே கிளம்பி பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி. அங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஆலங்காயம். ஆலங்காயம் தாண்டியதும் மலைச்சாலை தொடங்கி காவலூர் வரும், அதையும் தாண்டினால் ஜமுனாமரத்தூர். வேலூரிலிருந்து காவலூர் சுமார் 100 கி.மீ. ஞாயிறு காலை மலையின் மறுபக்கம் இறங்கினால் சுமார் 40 கி.மீ.யில் போளூர். அங்கிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு இன்னும் 50 கி.மீ.

ஏறிய வழியிலேயே இறங்காதீர்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால்தான் இந்த மலை எத்தனை பெரியது என்று தெரியும். மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் மலை இது. 1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்ததும், 2019-ல் வேலூரை மறுபடி மூன்றாகப் பிரித்ததும் காகிதத்தில் நடந்தவை. இங்கே பெரியவர்களுக்கு இன்னும் எல்லாமே வட ஆற்காடுதான்.

நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் சுங்கச்சாவடி உண்டு. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.

வேலூருக்கு ஒரு நாள் போதுமா? அங்கே ஆஸ்பத்திரியைத் தவிர என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் வலிக்கும். ஆனால் நியாயமானதுதான். இந்தியா முழுவதிலிருந்தும் மக்கள் வேலூருக்கு வருவது சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்காகத்தான். 1900-ல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று இவ்வளவு பெரிதாகி நிற்கிறது. அந்தச் சாலையில் வங்காளியும் இந்தியும் அசாமியும் கேட்கும். நோயாளிகளோடு வந்து மாதக்கணக்கில் தங்குபவர்களுக்காக வங்காளச் சாப்பாட்டுக் கடைகளே ஒரு வரிசை இருக்கிறது. அதுவும் இந்த நகரத்தின் முகம்தான். ஒரு வேளை அங்கே சாப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் நாளின் பெரும்பகுதியைக் கோட்டைக்குக் கொடுங்கள். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின் கீழ் சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை. 133 ஏக்கர், சுற்றிலும் அகழி. காலை 7 மணிக்கு உள்ளே போய்விட்டால் வெயிலுக்கு முன் மதில்மேல் ஒரு நடை நடக்கலாம். ஒரே சுற்றுச்சுவருக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மசூதியும் 1846-ல் கட்டிய புனித யோவான் தேவாலயமும் இருக்கின்றன. கோயிலில் கல்யாண மண்டபத்தை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். யாளிமேல் வீரர்கள் அமர்ந்த அந்தத் தூண்களுக்கு நான் எத்தனை முறை போனாலும் அரை மணி நேரம் போய்விடும்.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர் குடும்பத்தை இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் எழுந்ததும் இங்கேதான். புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் தடை என்று கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட உத்தரவுகள் உடனடிக் காரணம். சில மணி நேரம் கோட்டை அவர்கள் கையில் இருந்தது. 25 கி.மீ. தள்ளி ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார், நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். 1857-க்கு ஐம்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பிள்ளைகளோடு போனால் மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூணையும் காட்டுங்கள்.

எங்கள் ஊரைப் பற்றிப் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: ஆறு உண்டு நீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை. ஜலகண்டேஸ்வரர் கோயில் வெகுகாலம் மூலவர் இல்லாமல்தான் இருந்தது. 1981 மார்ச்சில் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி வைத்தார்கள். ஆக, மூன்றாவது குறை தீர்ந்துவிட்டது. முதல் குறையைப் பார்க்கத்தான் ஞாயிறு மாலை ஆற்றுக்குப் போகப் போகிறோம்.

ஸ்ரீபுரம் தங்கக் கோயிலை இதில் சேர்க்கலாமா?

வெள்ளி மாலை சேர்க்கலாம். நகரிலிருந்து தெற்கே எட்டு கிலோமீட்டர் போல. விளக்கு ஏற்றியபின் பார்ப்பது நன்றாக இருக்கும். நட்சத்திர வடிவப் பாதையில் நிறைய நடக்க வேண்டும். முட்டிவலி உள்ளவர்களை முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். அரைக்கால் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள், செல்போனும் வெளியேதான். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும் என்பதால், கோட்டையில் களைத்தவர்கள் விட்டுவிட்டாலும் தப்பில்லை.

ஏலகிரிக்கே போய்விடலாமே? ஜவ்வாது எதற்கு?

கூட வயதானவர்கள், கைக்குழந்தை, வசதியான அறை வேண்டும் என்பவர்கள் இருந்தால் ஏலகிரிக்கே போங்கள். வாணியம்பாடி–திருப்பத்தூர் சாலையில் பொன்னேரியிலிருந்து பிரியும் பாதை, 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே புங்கனூர் ஏரியில் படகு, நிறைய விடுதிகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பதால் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வருவார்கள், வாந்தி வரும் நேரம் மறந்துபோகும்.

ஆனால் நகரமும் மணலும் பார்க்கும் ஒருவர் நடுவில் ஒரு முழு மலையைப் பார்க்க வேண்டும் என்றால் ஜவ்வாதுதான். ஏலகிரி இப்போது விடுமுறை ஊராகிவிட்டது. ஜவ்வாதில் இன்னும் சாமை விளைகிறது, தேன் எடுக்கிறார்கள், வாரச்சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்து வருகிறார்கள். செய்யாறு பிறப்பதும் இங்கேதான். இந்த மலையில் விழும் மழைதான் கீழே பல ஊர்க் கிணறுகளுக்கும் ஏரிகளுக்கும் உயிர். பாலாற்று மணலைப் பார்க்கும் முன் இந்தக் காட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் வேலூரிலிருந்து 25 கி.மீ.யில் ஜவ்வாது அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. சிறு வனவிலங்குப் பூங்கா, காட்டோடை, மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

காவலூரில் நாங்கள் என்ன பார்க்க முடியும்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். நம் ஊர்ப்பக்கம் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

1960-களின் கடைசியில் வைணு பாப்பு என்ற வானியலாளர் தென்னிந்தியாவில் நல்ல இடம் தேடி, ஜவ்வாது மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கிருந்து வடக்கு வானமும் தெரியும், தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். சுற்றிலும் சந்தனமும் புதரும் நிறைந்த காடு, பக்கத்தில் பெரிய நகர வெளிச்சம் இல்லை. 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கினார்கள். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதற்கான பதிவுகளில் காவலூருடையதும் ஒன்று. 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். 1986 ஜனவரியில் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார், அதன் வழியே வானத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆய்வகத்துக்கும் அந்தத் தொலைநோக்கிக்கும் இன்று அவர் பெயர்தான்.

பார்வையாளர்களுக்குப் பெரிய தொலைநோக்கி இருக்கும் கூடத்தைக் காட்டி விளக்குவார்கள். வானம் தெளிவாக இருந்தால் இருட்டியபின் ஒரு சிறிய தொலைநோக்கியில் நிலவையோ கோளையோ பார்க்கலாம். சனிக்கோளின் வளையத்தை முதல்முறை பார்த்தபோது என் அக்கா மகள் கண்ணை எடுக்கவே மறுத்துவிட்டாள், பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் முதல் பயணம் அப்படித்தான் போனது. ஐப்பசி மழை நேரம், மூன்று மணி நேரம் காத்திருந்து ஒரு நட்சத்திரம்கூடப் பார்க்காமல் திரும்பினோம். கிளம்பும் முன் ஆய்வகத்தின் இணையதளத்தில் அந்த வாரத்து நேரத்தையும் அனுமதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே போனபின் ஹெட்லைட்டைத் தாழ்த்தி ஓட்டுங்கள், செல்போன் டார்ச்சை அணைத்துவிடுங்கள். அவர்களுக்கு வேண்டியது இருட்டு.

இரவு எங்கே தங்குவது? மலைச்சாலை பயமா?

ஜமுனாமரத்தூரில் எளிமையான தங்கும் இடங்கள் உண்டு. நட்சத்திர விடுதி எதிர்பார்க்காதீர்கள், சுத்தமான அறையும் வெந்நீரும் கிடைத்தால் போதும் என்று போங்கள். முன்பதிவு செய்துவிட்டு, போகும் நாள் காலை மறுபடியும் ஒருமுறை போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். நாங்கள் ஒருமுறை பணம் கட்டியும் அறை இல்லாமல், இரவு பத்து மணிக்கு ஆலங்காயம் வரை திரும்ப இறங்கி வந்திருக்கிறோம்.

சாலை பயப்படும்படி இல்லை, ஆனால் குறுகல். வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பாதீர்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் கீழே வருவதற்குள் தீய்ந்த வாசனை வரும். காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் இரவுப் பயணம் சிறியதுதான் என்றாலும் மானும் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும், 30-க்கு மேல் போகாதீர்கள். பெட்ரோல் ஆலங்காயத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துவிடுங்கள்.

ஞாயிறு காலை மலையில் என்ன செய்யலாம்?

விடியற்காலை பனியோடு கோலப்பன் ஏரிக்கரை. அப்புறம் பீமன் நீர்வீழ்ச்சி. மழைக்குப் பின் நன்றாக விழும், கோடையில் பாறைதான் இருக்கும். பாசி பிடித்த பாறையில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். கொஞ்சம் நடக்கத் தயாராக இருந்தால் உள்ளூரில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கல்திட்டைகளைப் பார்க்கப் போகலாம். பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் அவை. குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் என்று மலைவாசிகள் கதை சொல்வார்கள்.

இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துக்கொண்டு பேசாதீர்கள், மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேச்சும் தமிழ்தான். அவர்கள் வீட்டு வாசலில் போய்க் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். தேனோ சாமையோ புளியோ வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள். கீழே கடையில் பெயர் போட்ட பாட்டிலுக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள் நாம்.

பத்தரை மணிக்குள் போளூர்ப் பக்கம் இறங்கத் தொடங்கினால் மதியத்துக்கு வேலூர். பிள்ளைகள் களைத்திருந்தால் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்க வையுங்கள். மாலை மணலுக்கு அவர்கள் விழித்திருக்க வேண்டும்.

சாப்பாடு?

சனிக்கிழமை ஆம்பூரைத் தாண்டும்போது மணி பதினொன்று ஆகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிரியாணிக்குத் தம் உடைக்கும் நேரம். சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், பக்கத்தில் கத்தரிக்காய் தால்சா, தயிர்ப் பச்சடி. பாஸ்மதியில் செய்து ஆம்பூர் பெயரைப் போட்டு விற்பதைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது வேறு ருசி. அதற்காக நெடுஞ்சாலை ஓரப் பெரிய பலகையைப் பார்த்து நிறுத்தாமல், ஊருக்குள் போய்க் கூட்டம் நிற்கும் கடையைக் கேளுங்கள்.

சைவம் என்றால் வேலூரிலேயே காலையில் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். மலையில் முன்கூட்டிச் சொன்னால் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி செய்து தருவார்கள். வேலூர் உழவர் சந்தையில் முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் ஒரு கிலோ வீட்டுக்கு வாங்கிப் போங்கள். காம்பில் முள்ளோடு இருக்கும், புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்க் காய் அது. ஆற்காடு மக்கன் பேடா சென்னை திரும்புபவர்களுக்கு வழியிலேயே.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. வானம் தெளிவு, மலையில் குளிர், ஓடைகளில் மிச்சத் தண்ணீர், ஆற்றில் பெரும்பாலும் மணல். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், கோட்டைக் கல் ராத்திரி வரை அனல் அடிக்கும்.

மகா சிவராத்திரியை ஒட்டி வந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாசி அமாவாசையில் பாலாற்று மணலில் மயானக் கொள்ளை நடக்கும். அங்காளம்மன் தேர்கள் ஆற்றுக்குள் இறங்கும், மக்கள் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். பார்க்க வேண்டிய திருவிழா, ஆனால் அன்று காட்பாடிப் பக்கம் கார் நகராது.

பாலாறு ஏன் இப்படி ஆனது?

நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222 என 348 கி.மீ. வந்து வயலூர் அருகே வங்கக் கடலில் சேர வேண்டிய ஆறு இது. மழையை நம்பிய ஆறு என்பதால் முன்பும் ஆண்டு முழுக்க ஓடியதில்லை. ஆனால் மணலுக்கு அடியில் எப்போதும் நீர் இருந்தது. என் பாட்டி காலத்தில் ஆற்றில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வருவார்களாம். ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். நெல்லும் கரும்பும் வாழையும் அந்த நீரில் விளைந்தவை.

மேலே கர்நாடகத்தில் ஏரிகளும் அணைகளும் நீரைப் பிடித்துக்கொள்கின்றன. 1892-ல் மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு, என்றாலும் சண்டை ஓயவில்லை. ஆந்திராவின் 33 கி.மீ.க்குள் மட்டும் 20-க்கும் மேற்பட்ட தடுப்பணைகள். இதை எல்லாம் நாங்கள் சத்தமாகச் சொல்வோம். ஆனால் நம் பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மணலை லாரி லாரியாக அள்ளியது நாம்தான். தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த பஞ்சு அந்த மணல். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் கழிவு பல்லாண்டுகள் ஆற்றில் கலந்தது. வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைத்தான் படிக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன ஊர்களுக்கு அது தாமதமாக வந்த நீதி.

மணலில் நிற்கும்போது பிள்ளைகள் “ஆறு எங்கே போச்சு?” என்று கேட்பார்கள். இந்த எல்லாக் காரணங்களையும் சொல்லுங்கள், அண்டை மாநிலத்தைப் பற்றி மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள்.

மணலில் எங்கே இறங்குவது? ஆபத்து உண்டா?

திரும்பும் திசையைப் பொறுத்து இரண்டு இடம் சொல்கிறேன்.

பெங்களூர் திரும்புபவர்கள் வேலூரிலிருந்து 14 கி.மீ. மேற்கே விரிஞ்சிபுரத்தில் நிறுத்துங்கள். பாலாற்றின் தென்கரை. அங்கே ஈசன் பெயர் மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். பயணம் போகிறவர்களுக்குத் துணை வரும் சாமி. “திருவிரிஞ்சை மதிலழகு” என்று பெயர் பெற்ற மதிலைச் சுற்றி வாருங்கள். நிழலை வைத்து நேரம் பார்க்கும் கல் ஒன்றும் உள்ளே இருக்கிறது. தரிசனம் முடித்து, வெயில் தாழ்ந்ததும் ஆற்றுப் பக்கம் நடக்கலாம். சனி காலை போகும்போது ஒருமுறை கும்பிட்டுவிட்டு, திரும்பும்போது மறுபடி வருவது எங்கள் வீட்டு வழக்கம்.

சென்னை திரும்புபவர்களுக்கு வேலூரிலேயே முத்து மண்டபம். இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1816-ல் வேலூருக்குக் கொண்டுவந்து கோட்டையில் வைத்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தார். ஆற்றங்கரையில் அவர் கல்லறை இருக்கிறது. அதை ஒட்டியே பாலாறு. நகரத்தை ஒட்டிய பகுதி என்பதால் குப்பை கண்ணில் படும், மூக்கைப் பொத்தவும் நேரலாம். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மணல் அள்ளிய இடங்களில் ஆழமான பள்ளங்கள் உண்டு, சிலவற்றில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதன் பக்கமே போகக்கூடாது. காரை மணலுக்குள் இறக்காதீர்கள், புதைந்தால் டிராக்டர்தான் வர வேண்டும். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். இருட்டும் முன் கரையேறிவிடுங்கள்.

நாங்கள் வரும்போது ஆற்றில் தண்ணீர் ஓடினால்?

பாலைவனம் பார்க்காமல் போனதற்கு வருத்தப்படாதீர்கள், எங்களோடு சேர்ந்து சந்தோஷப்படுங்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஊரே பாலத்தின்மேல் நின்றது. என் அம்மா மஞ்சளும் பூவும் கொண்டுவந்து ஆற்றில் விட்டார். எழுபது வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் காட்டியதைப் பார்த்தேன்.

ஆனால் ஓடும்போது இறங்கவே கூடாது. மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று மேலிருந்து தெரியாது. இந்த ஆற்றின் கோபத்தை 1903 நவம்பர் வெள்ளத்தில் வாணியம்பாடி பார்த்திருக்கிறது. அதற்கான நினைவுத் தூண் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது.

பைக்கில் போகலாமா? பஸ்ஸில்?

பைக்கில் தாராளமாக. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அவசரப்படாமல் போனால் போதும், மலைச்சாலை பைக்குக்குத்தான் இன்னும் சுகம். பஸ்ஸிலும் முடியும். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகவும் போளூர் வழியாகவும் ஜமுனாமரத்தூருக்குப் பஸ் உண்டு. ஆனால் சனி இரவு காவலூரிலிருந்து வண்டி கிடைக்காது, உள்ளூர் ஆட்டோவோ வேனோ பகலிலேயே பேசி வைக்க வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்?

250 கி.மீ.க்கு, லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காருக்கு 17 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,700. சுங்கம் தனி. கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மிச்சம் எல்லாம் நீங்கள் எங்கே தூங்கி என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டால் பாட்டில் வாங்கும் காசும் மிச்சம், மலையில் பிளாஸ்டிக்கும் சேராது.

இல்லை, எங்களுக்கு நிஜமான மணல்மேடுதான் வேண்டும் என்றால்?

தமிழ்நாட்டுக்குள்ளேயே தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. செக்கச் சிவந்த மணல் மேடுகள், காற்றில் இடம் மாறும். வேலூரிலிருந்து போகவே ஒரு நாள் பிடிக்கும் என்பதால் அதைத் தனிப் பயணமாக வையுங்கள். தார்ப் பாலைவனம் வேண்டும் என்றால் ஜெய்சால்மர். ரயிலில் போகவே ஏறக்குறைய இரண்டு நாள் ஆகிவிடும், மூன்று நாள் விடுமுறை போதாது.

கடைசி நாள் மாலை எத்தனை மணிக்குக் கிளம்பினால் வீடு போய்ச் சேரலாம்?

ஞாயிறு நாலரை மணிக்கு மணலில் இறங்குங்கள். ஒரு மணி நேரம் போதும். செல்போனை வண்டியிலேயே விட்டுவிட்டு, நடுமணலில் உட்கார்ந்து மலை இருக்கும் தென்மேற்குத் திசையைப் பாருங்கள். முந்தைய இரவு நட்சத்திரம் பார்த்த இடம் அந்தப் பக்கம்தான். பிள்ளைகள் மணலைத் தோண்டுவார்கள், விடுங்கள். முழங்கை ஆழம் போனதும் மணல் ஈரமாகக் கறுத்து வந்தால் என்னைப் போல ஒருவருக்குப் போன் செய்து சொல்லுங்கள், அந்த நாள் முழுக்க நன்றாக இருக்கும். ஆறு மணிக்கு வண்டியை எடுத்தால் சென்னைக்கு ஒன்பதரை, பெங்களூருக்குப் பத்தரை ஆகும். கிளம்பும் முன் ஷூவில் இருக்கும் மணலை ஆற்றிலேயே கொட்டிவிட்டுப் போங்கள்.